தேதி பின்னால் போனால் மதர்போர்டு போச்சு என்று அர்த்தமில்லை

கேள்வி: எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப். காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதி 2017 ஜனவரி 1 என்று காட்டுகிறது. பேங்க் தளம் திறப்பதில்லை, பாதுகாப்பற்றது என்கிறது. கடையில் 'மதர்போர்டு போச்சு, 7,000 ரூபாய் ஆகும்' என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (மதுரை வாசகி)

வேண்டாம் அம்மா. போர்டு போயிருந்தால் எஃப்1 அழுத்தச் சொல்லக்கூட அங்கே ஆள் இருக்காது. தீர்ந்துபோனது போர்டின் மேல் இருக்கும் பட்டன் பேட்டரி. சிஆர் 2032 என்று கேளுங்கள், 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன், அதுதான் அந்த எண். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது உள்ளே கடிகாரத்தை ஓட்டுவது இந்தப் பேட்டரி. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை இதற்கு வேலை குறைவு. நாம் ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கிறோம். விடியும்வரை பாரம் முழுக்க இதன் தலையில். பேங்க் தளத்தின் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் 2017ல் இருக்கிறது, அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை. தளத்தின் மேல் தப்பில்லை.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. தேதியைச் சரிசெய்து ஷட்டவுன் செய்யுங்கள். சுவர் சுவிட்சை மட்டும் அன்றிரவு அணைக்காதீர்கள். காலையில் தேதி சரியாக இருந்தால் பேட்டரியேதான்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். பேட்டரியின் ஓரத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் அது தானே எழும்பும். புதியதில் எழுத்துள்ள பக்கம் மேலே. பிறகு ஒருமுறை தேதியை வைத்தால் போதும். பழைய பேட்டரியை மேஜையில் போட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

புதிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார வேண்டாம். பலவற்றில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை சங்கேதமாக மாற்றப்பட்டு (பிட்லாக்கர் பூட்டு) பூட்டப்பட்டே வருகின்றன, வாங்கியவருக்கே தெரியாது. பேட்டரியைக் கழற்றி பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் நிரல்) அமைப்பு மாறினால், அடுத்த முறை பூட்டைத் திறக்க 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதை எடுத்துத் தாளில் எழுதுங்கள். எழுதியாயிற்றா? அப்புறம் தொடுங்கள். எண் கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களை யாராலும் மீட்க முடியாது. இப்படிப் பூட்டுகிறோம் என்று பெட்டி மேல் ஒரு வரி அச்சடித்தால் இந்தக் கம்பெனிகளுக்கு என்ன குறைந்துவிடும்!

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரேமின் (போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை) ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி உள்ளே போய் 4 ஜிபியாக வீடு திரும்பிய கம்ப்யூட்டர்களை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். 'போர்டு மாற்றினோம்' என்றால் பழைய போர்டைக் கையில் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதும் முகம் மாறும் கடையில் இதற்குமேல் பேச எதுவும் இல்லை.

இன்னொன்று. பேங்க் தளம் திறக்கவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். திரையில் 'வைரஸ், உடனே அழையுங்கள்' என்று மைக்ரோசாஃப்ட் பெயரில் வரும் நம்பரும் மோசடிதான். நிஜ மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பரே வராது. எனிடெஸ்க் (உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கவிடும் ஆப்) போடச் சொன்னால் போனை வையுங்கள். ஏற்கனவே பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐ உடனே அழையுங்கள், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள்.

பேட்டரி மாற்றியும் எஃப்1 வந்தால் திரையில் இருக்கும் வரியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கீபோர்டு கேபிள் லூசாக இருந்தாலும் அது வரும்.