இருப்பதை எண்ணுதல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நாங்கள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நாலறை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஒரு கிடங்கில் பத்து வருடத்துக்கும் மேல் மேற்பார்வையாளராக இருந்தார். ஆகஸ்டில் ஆட்குறைப்பு. எனக்குப் பாலர் பள்ளிச் சமையலறையில் பகுதிநேர வேலை. மகன் உயர்நிலை இரண்டு, மகள் தொடக்கநிலை நான்கு, அப்புறம் மாமியார். கம்பெனி கொடுத்த ஆட்குறைப்புப் பணம் கரைந்துவிட்டது.

மின்சார, தண்ணீர்க் கட்டணம் பாக்கி. நகர மன்றத்துக்குப் பாக்கி. தொலைபேசிக்குப் பாக்கி. கடனட்டையில் நிலுவை. தங்கையிடம் வாங்கியது தனி. என் இரண்டு வளையல் அடகுக் கடையில் இருக்கிறது, அது கணவருக்குத் தெரியாது.

என் நாத்தனார் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படம் அனுப்புவார். ‘பாசிட்டிவா இரு. தலைக்கு மேல கூரை இருக்கு, தட்டுல சோறு இருக்கு, அதுக்கு நன்றி சொல்லு’ என்று கீழே எழுதியிருக்கும். படித்தவுடன் கோபம் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் சொல்வதில் என்ன தப்பு, இதுகூட இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தோன்றி என்மேலேயே கோபம் வருகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. வேலையிடத்தில் உப்புப் போட்டதை மறந்துபோய் இரண்டாம் தடவை போடுகிறேன்.

வீட்டில் இப்போது சமையல் அவர்தான். அப்பா வைக்கிற மீன்குழம்பு அம்மா வைப்பதைவிட நல்லா இருக்கு என்கிறாள் சின்னவள்.

தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். மொய் வைக்கக் கையில் ஒன்றுமில்லை. போகாமல் இருந்துவிடலாமா? நான் நன்றி கெட்டவளா, அக்கா?

ம.
உட்லண்ட்ஸ்

*

அன்புள்ள ம.,

நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் பேசலாம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். நாத்தனார் படித்தாலும் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். காலையில் சூரிய உதயப் படம் அனுப்பாத நாத்தனார் இந்த ஊரில் யாருக்கு இருக்கிறார்?)

‘இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு’ என்று கஷ்டப்படுகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அதில் ஓர் ஆறுதல் உண்டு. சம்பளம் தவறாமல் வருகிறவர் சொல்லும்போது, ‘உன் கஷ்டத்தை என்னிடம் கொண்டுவராதே’ என்றுதான் காதில் விழும். நாத்தனார் அப்படி நினைத்து அனுப்பியிருக்க மாட்டார், பாவம். என்ன சொல்வது என்று தெரியாத பதற்றத்தில் படம் அனுப்புகிறவர்கள்தான் நிறைய. ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானது. நெருப்புக்குள்ளே தூங்கினாலும் தூங்கலாம், வறுமைக்குள்ளே கண்ணை மூட முடியாது என்று வள்ளுவரே நல்குரவு அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்துக் குறளில் ஒன்றுகூட ஏழையைப் பார்த்து ‘மகிழ்ச்சியாக இரு’ என்று சொல்லவில்லை.

இரண்டாம் தடவை உப்புப் போடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் நின்றுவிட்டேன். செந்தில் முல்லைநாதனும் வேறு சில ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2013ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. கரும்புக்காரருக்குப் பணம் வருவது அறுவடைக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய மாதங்களில் அடகு, கைமாற்று என்று இழுத்துப்பிடித்து ஓட்டவேண்டும். அதே ஆட்களுக்கு அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை யோசிக்கும் திறனைச் சோதிக்கும் கேள்விகளைக் கொடுத்தார்கள். பணமுடை இருந்த நேரத்தில் தேர்ச்சி கணிசமாகக் குறைவு. ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. பாதி மனது எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் மிச்சப் பாதிதானே மற்ற வேலைக்கு வரும்? உங்கள் உப்பும் அப்படித்தான். அதற்கும் நன்றி உணர்வுக்கும் சம்பந்தமில்லை.

நம் ஊரிலேயே நடந்த இன்னோர் ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2019ல் வெளிவந்தது. நாள்பட்ட கடனில் இருந்த ஏறத்தாழ 200 வசதி குறைந்த சிங்கப்பூரர்களின் கடனில் ஒரு பகுதியை ஓர் அறநிறுவனம் அடைத்தது. அவர்களை முன்னும் பின்னும் சோதித்தபோது பதற்றம் குறைந்திருந்தது, யோசனை தெளிந்திருந்தது. இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரே அளவு தொகை அடைக்கப்பட்டவர்களுக்குள்ளேயும், எத்தனை கணக்குகள் முழுசாக மூடப்பட்டன என்பதைப் பொறுத்துத்தான் மனம் லேசானது. ஒரு பெரிய கடனில் கொஞ்சம் குறைவதைவிட, இரண்டு மூன்று சின்னக் கடன்கள் இல்லாமலே போய்விடுவது அதிக நிம்மதி.

ஆகவே பாசிட்டிவாக இருந்தால் கணக்கு சரியாகும் என்பதை நான் நம்புவதில்லை. கணக்கில் கை வைத்தால்தான் மனது பின்னாலேயே வரும். உங்கள் கடிதத்தில் ஐந்து இடத்துப் பாக்கியும் ஓர் அடகும் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூடத் தொகை எழுதவில்லை. எனக்கு எழுதவேண்டியதில்லை, சரி. ஆனால் உங்களுக்கே தெரியுமா?

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971க்குள் படைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்தார்கள். நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்த காலம். பின்னால் அங்கே கப்பல் பட்டறை வந்தது, பலருக்குத் திரும்ப வேலை கிடைத்தது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு நடுவே எங்கள் வீடு மளிகைக் கடைக் கடனில் ஓடியது. அட்டையில் 555 என்று போட்ட, உள்ளங்கையில் அடங்குகிற நோட்டு அப்போது எல்லா வீட்டிலும் இருக்கும். அரிசி, மண்ணெண்ணெய், நெத்திலி, நீலச் சோப்பு என்று கடைக்காரர் பென்சிலால் எழுதித் தருவார். மாதக் கடைசியில் அம்மா அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கூட்டுவார். அப்பாவுக்கு அது பிடிக்காது, எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா நிறுத்த மாட்டார். ‘முப்பத்திரண்டு வெள்ளி. அவ்வளவுதான்’ என்பார். எங்களுக்கு அதில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்துவிடும். நம்பிக்கையாக இருங்கள் என்று அம்மா சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

நீங்களும் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டுங்கள். கணவரோடு, வளையலையும் சேர்த்து. மறைத்து வைத்த ஒரே காரணத்தால் அந்த அடகுதான் இருப்பதிலேயே கனமான கடனாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடகு வைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வட்டியைப் பாருங்கள்: அடகுக் கடையில் சட்டப்படி மாதம் 1.5 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. ஆயிரம் வெள்ளிக்கு 15 வெள்ளி. உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவரிடம் போனால் மாதம் 4 சதவீதம் வரை, அதே ஆயிரத்துக்கு 40 வெள்ளி. எடுத்த எடுப்பில் 10 சதவீதம் வரை கட்டணமாகவும் பிடித்துக்கொள்ளலாம். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிற ஆலோங் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். இந்த வரிசையில் நீங்கள் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனமானதுதான். ஆறு மாதத் தவணை முடிகிற தேதியை மட்டும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மீட்க முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். விட்டுவிட்டால் வளையல் போய்விடும்.

வெறும் கணக்குப்படி பார்த்தால் முதலில் கடனட்டையைத்தான் அடைக்கவேண்டும், வருடத்துக்கு 26 சதவீதத்துக்கும் மேல் வட்டி போகும். ஆனால் கொஞ்சம் பணம் கையில் வந்ததும் தொலைபேசி, நகர மன்றம் போன்ற சின்னதுகளை ஒரேயடியாக முடித்துவிட்டு அட்டைக்கு வாருங்கள் என்பேன். அந்த இரண்டு கடிதமும் வீட்டுக்கு வருவது நின்றாலே வித்தியாசம் தெரியும். அதற்குள் வங்கியைக் கூப்பிட்டு, நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். வீட்டுக் கடன் சேமநிதியிலிருந்து போகிறது என்றால், சம்பளம் நின்றதிலிருந்து அதில் புதிதாக எதுவும் ஏறாது. எத்தனை மாதத்துக்கு வரும் என்று பாருங்கள். தீரப்போகிறது என்றால் தவணை தவறும் முன்னாலேயே வீவகவிடம் (வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம்) பேசிவிடுங்கள். முன்கூட்டியே வருகிறவரிடம் பேசுவது அவர்களுக்கும் சுலபம்.

நாத்தனாரின் பட்டியலில் கூரையும் சோறும் இருக்கின்றன. அதில் விட்டுப்போனது நிறைய. இந்த நாட்டில் வேலை பார்த்த ஒருவருக்கு வேலை போனால் கேட்டுப் பெறக்கூடியவை உண்டு, அவையும் உங்களிடம் இருப்பவைதான். 2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. தானாக விடாமல் வேலையை இழந்தவர், மாதச் சம்பளம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேல் போகாதவர் என்றால் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் அதிகம், போகப்போகக் குறையும். உண்மையிலேயே வேலை தேடுகிறார் என்று மாதாமாதம் காட்டவேண்டும். உங்கள் கணவர் விண்ணப்பித்தாரா? கடிதத்தில் இல்லை. இல்லையென்றே ஊகிக்கிறேன். நம் ஆண்களுக்கு அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறக் கூச்சமில்லை, தனக்கு உரியதைக் கேட்டு ஒரு படிவம் நிரப்புவதென்றால் மானம் போய்விடுகிறது. பிள்ளைகளின் பள்ளி அலுவலகத்தில் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். தகுதி இருந்தால் பாடப்புத்தகமும் சீருடையும் இலவசம், பள்ளியில் சாப்பாட்டுக்கும் உதவி உண்டு. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளுக்குக் கட்டணம் குறைவு. அரசாங்கம் தருகிற சிடிசி பற்றுச்சீட்டை உணவங்காடியில் நீட்டுவதற்குக் கூச்சப்படுகிறவர்களையும் எனக்குத் தெரியும். சிங்கப்பூரர் குடும்பம் எல்லாவற்றுக்கும் அது உண்டு, அமைச்சர் வீட்டுக்கும் அதேதான்.

அப்புறம் அந்த மீன்குழம்பு. உங்கள் கடிதம் முழுக்கக் களைத்த குரல். அந்த ஓரிடத்தில் மட்டும் நடை மாறுகிறது, கொஞ்சம் பொறாமைகூடத் தெரிகிறது. பத்து வருடத்துக்கு மேல் கிடங்கே கதியென்று இருந்தவர் இப்போது சாயங்காலம் வீட்டில் இருக்கிறார், புளி கரைக்கிறார், மகள் அதற்கு மார்க் போடுகிறாள். நாத்தனார் சொல்லி நீங்கள் இதைக் கவனிக்கவில்லை. தானாகக் கண்ணில் பட்டது. எனக்குத் தெரிந்து இருப்பதை ரசிப்பது இந்த மாதிரித்தான் நடக்கும். தினமும் மூன்று நல்ல விஷயம் எழுது என்று வைத்துக்கொண்டால் நாலாம் நாள் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். இதனால் வேலை போனது நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போனது கெடுதல்தான். குழம்பு நன்றாக இருப்பதும் உண்மைதான். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டவேண்டிய அவசியமில்லை. சின்னவள் சொன்னதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். வேலை போன ஆம்பிளைக்கு வீட்டில் பாராட்டு கிடைப்பது அபூர்வம்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் போங்கள். இருபது வெள்ளி வைத்தால் போதும், அதுவும் முடியாவிட்டால் வெறுங்கையோடு போங்கள். முன்னாடியே நாத்தனாரைக் கூப்பிட்டு, ‘அண்ணி, இந்தத் தடவை முறை செய்ய முடியல, அதுக்குப் பதிலா ரெண்டு நாள் வந்து வேலை செய்யறேன்’ என்று சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில் பலகாரம் பிடிக்கவும், தாம்பூலப் பை போடவும், வந்தவர்களைக் கவனிக்கவும் ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். மொய் கவரைவிட அதற்குத்தான் இங்கே கிராக்கி. தினமும் படம் அனுப்புகிற மனுஷி உங்கள் நிலைமையைக் காதால் கேட்டால் வேறு மாதிரி நடந்துகொள்ளவும் கூடும். இல்லையென்றால், தெரிந்துகொண்டதாக இருக்கட்டும்.

கணக்குப் போட்ட பிறகும் துண்டு விழுந்தால் உங்கள் வட்டாரத்துச் சமூக சேவை அலுவலகத்துக்குப் போங்கள். போகும் முன் 1800-222-0000 என்ற காம்கேர் (அரசாங்க நிதி உதவித் திட்டம்) எண்ணில் விசாரித்துக்கொள்ளலாம். ஆட்குறைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, பாக்கி ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போனால் அலைச்சல் குறையும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் வளையல் விஷயத்தை அந்த அதிகாரி முன்னால் வைத்து அவர் முதல்முறையாகக் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள், முந்தின ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள்.