பிளாஸ்டிக் தாளைச் சுருக்கி ஓவியம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அக்ரிலிக் வண்ணம் பூசி, அதன்மேல் கிளிங் ஃபிலிம் (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) போட்டு எடுத்தால் எல்லா நிறமும் குழம்பிச் சேறாகிவிடுகிறது. ஏன்?

பதில்: அடிப்பூச்சு காய்வதற்குள் மேல்பூச்சைப் போட்டிருப்பீர்கள். முதலில் வெளிர்நிறம் ஒன்றைப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் அடர்நிறத்தில் கிளேசிங் மீடியம் (வண்ணத்தை ஊடுருவித் தெரியும்படி ஆக்கும் கலவை) கலந்து மெல்லிசாகப் பூசி, ஈரத்தோடு ஃபிலிமைப் போடுங்கள். விறைப்பாக இழுத்துப் போடாதீர்கள். கேன்வாஸைவிடப் பெரிதாக வெட்டி, விரல்நுனியால் நடுவை நோக்கிக் கூட்டிக் கூட்டிச் சுருக்குங்கள். மடிப்போரங்களில் வண்ணம் திரண்டு நரம்புக்கோடாக நிற்கும். ஒரே பக்கமாகச் சுருக்கினால் கோடுகளும் அந்தப் பக்கமே ஓடும். அலை, மரப்பட்டை எல்லாம் அப்படித்தான் வரும்.

கேள்வி: எத்தனை நேரம் கழித்து எடுக்கலாம்?

பதில்: அக்ரிலிக்கில் சில நிமிடங்களிலேயே எடுக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் கோடு கூர்மையாகும். வாட்டர்கலர் என்றால் முழுக்கக் காயும்வரை தொடக்கூடாது. ஃபிலிம் ஈரத்தை வெளியே விடாது, அதனால் ஓர் இரவு ஆகலாம். மழைக்காலத்தில் இன்னும் கூடும். ஆசையில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் கோடு கலைந்துவிடும். வரையும் தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருக்கட்டும், மெல்லிய தாள் வளைந்துவிடும்.

கேள்வி: ஹேர் டிரையர் காட்டலாமா?

பதில்: வேண்டாம். சூட்டில் ஃபிலிம் சுருங்கி இடம் மாறும்.

கேள்வி: கிளிங் ஃபிலிம் இல்லை. துணிக்கடை கவர் ஆகுமா சார்?

பதில்: (சார் இல்லை, அக்காதான்!) ஆகும். தடித்த கவரில் மடிப்பு பெரிதாக, கோணல்மாணலாக விழும். பாறைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: தானாக விழுவதை ஓவியம் என்று சொல்லலாமா?

பதில்: எடுத்த கோலத்திலேயே சட்டம் போட்டு மாட்டினால், எனக்கும் அது பாதி வேலைதான். ஈர வண்ணத்தை அழுத்திப் பிரிக்கும் டெகால்கோமேனியா என்ற முறையை 1930களில் ஸ்பானிய ஓவியர் ஆஸ்கர் டொமிங்கெஸ் கையாண்டார். ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் அதை எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். 1940–42இல் வரைந்த ‘மழைக்குப் பின் ஐரோப்பா’வில், அழுத்தி எடுத்த தடங்களுக்கு நடுவே வானத்தைத் தீட்டி, பறவைத்தலை உருவம் ஒன்றையும் நிறுத்தினார். நீங்களும் கால்வாசி இடத்தையாவது ஒரே நிறத்தால் மூடிப் பாருங்கள், மிச்சச் சுருக்கங்கள் அப்போதுதான் எடுபடும்.

கேள்வி: எடுத்த ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அக்ரிலிக் கெட்டியாக ஒட்டியிருந்தால் காயவிடுங்கள். பல சமயம் தோலாக உரிந்து வரும். மீடியம் தடவி அடுத்த படத்தில் ஒட்டலாம். ஈரத்தோடு சிங்க்கில் மட்டும் கழுவாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.