பழைய கோச் போட்ட ஒரு டிக், ஒரு வருடத் தடை: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: வணக்கம் மேடம். டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகன் 11-ஆம் வகுப்பு. ஏழு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறான். ஜூனில் பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் வீடு வாங்கிக் குடிவந்தோம். மனைவிக்குப் புது வேலை கிடைத்த மருத்துவமனை இந்தப் பக்கம்தான். ஐந்தாவது படிக்கும் மகளும் பள்ளி மாறினாள். பழைய வீட்டில் இப்போது மச்சினர் குடும்பம் இருக்கிறது, கரண்ட் பில் இன்னும் என் பெயரில். ஆகஸ்டில் புதுப் பள்ளியில் சேர்ந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். பழைய பள்ளி கோச் அதில், 'விளையாட்டுக்காகப் பள்ளி மாறுகிறானா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று டிக் செய்திருக்கிறார். பிப்ரவரியில், மகனை மூன்றாம் சிங்கிள்ஸில் போட்டதற்காக அவருக்குக் கோபமாக ஒரு மெயில் எழுதினேன். அதன் விளைவுதான் என்று நினைக்கிறேன். போன வாரம் மாவட்டக் கமிட்டி விசாரணை. பதினைந்தே நிமிடம். ஒரு வருடம் வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதல் நிலை அணியில், ஆடக் கூடாது என்று முடித்துவிட்டார்கள். இண்டியானாபொலிஸில் இருக்கும் தேசிய அமைப்புக்குப் புகார் அனுப்பச் சொல்கிறார் ஒரு நண்பர். ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார் இன்னொருவர். நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: இதைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். புதுப் பள்ளியின் அத்லெடிக் டைரக்டருக்கு இரண்டு வரி மெயில் அனுப்புங்கள்: "மாவட்டக் கமிட்டியின் முடிவை எதிர்த்து ஸ்டேட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டிக்கு மேல்முறையீடு செய்ய விரும்புகிறோம். கடைசி நாள் எது, யார் தாக்கல் செய்ய வேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள்." இதற்கான அவகாசம் மாதக்கணக்கில் வராது, நாள்கணக்கில்தான் வரும். ஒரு வாரம் ஏற்கனவே போய்விட்டது. மற்றதை அப்புறம் பேசலாம்.

சரி, இண்டியானாபொலிஸ். அங்கே இருப்பது நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் ஸ்டேட் ஹைஸ்கூல் அசோசியேஷன்ஸ், சுருக்கமாக என்எஃப்எச்எஸ். 1920-இல் தொடங்கியது. 50 மாநிலங்களும் வாஷிங்டன் டிசியுமாக 51 சங்கங்கள் அதில் உறுப்பினர். பெயரைப் பார்த்தால் நாடு முழுவதற்கும் மேலதிகாரி போலத் தோன்றும். நம்மூரில் தாலுகா ஆபீஸில் நடக்காவிட்டால் கலெக்டருக்கு மனு, அங்கேயும் நடக்காவிட்டால் சென்னைக்கு மனு என்று பழகியவர்கள் நாம். இங்கே அந்த ஏணி கிடையாது. பல விளையாட்டுகளுக்கு ஆட்ட விதிப் புத்தகம் எழுதுவது, கோச்சுகளுக்கும் நடுவர்களுக்கும் பயிற்சி தருவது, மூளை அதிர்ச்சி, வெயில் பாதிப்பு போன்ற பாதுகாப்பு விஷயங்களில் வழிகாட்டுவது, இசை, விவாதம் போன்றவற்றுக்குத் துணை நிற்பது: இவைதான் அதன் வேலை. அந்த விதிப் புத்தகத்தைக்கூட எல்லா மாநிலமும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டெக்சாஸ் ஹைஸ்கூல் ஃபுட்பால் கல்லூரிகளின் என்சிஏஏ விதிகளை ஒட்டித்தான் ஆடப்படுகிறது. எந்தப் பையன் ஆடலாம், எவன் ஆடக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் அந்தந்த மாநிலச் சங்கத்துக்கே. அங்கே மனு அனுப்பினால் மாநிலத்திடம் போங்கள் என்று மரியாதையாகப் பதில் வரும். அதற்குள் உங்கள் கெடு முடிந்திருக்கும்.

டெக்சாஸில் அந்த மாநில அமைப்பு யூனிவர்சிட்டி இண்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், எல்லோரும் சொல்லும் யூஐஎல். 1910-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கான விவாதப் போட்டி அமைப்பாகத் தொடங்கியது, பின்னால் விளையாட்டையும் இசையையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. அதன் கீழ் ஒவ்வொரு போட்டி மாவட்டத்துக்கும் ஒரு எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி. அதில் உட்காருபவர்கள் அந்த வட்டாரப் பள்ளிகளின் பிரதிநிதிகள். யோசித்துப் பாருங்கள்: உங்கள் மகனை எதிர்த்து ஆடப்போகும் பள்ளிகளின் ஆட்கள்தான் அவன் ஆடலாமா என்று கை தூக்குகிறார்கள். இது எனக்குச் சரியான ஏற்பாடாகத் தோன்றியதே இல்லை. ஆனாலும் விதி அதுதான். அவர்கள் முடிவுக்கு மேலே மாநிலக் கமிட்டி இருப்பதும் இதனால்தான்.

கோர்ட் விஷயத்தில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. டென்னஸியில் பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் ஃபுட்பால் கோச், சேரவிருந்த எட்டாம் வகுப்புப் பையன்களைப் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதினார். மாநிலச் சங்கம் தண்டித்தது, பள்ளி வழக்குப் போட்டது. 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், இப்படிப்பட்ட சங்கம் அரசின் அங்கம் போலவே செயல்படுகிறது, அரசியல் சட்டம் அதையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் நண்பர் இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் அதே வழக்கு 2007-இல் திரும்பவும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது பள்ளி தோற்றது. கோர்ட் கதவு திறந்திருக்கிறது என்பது ஒன்று, உள்ளே போனால் ஜெயிக்கலாம் என்பது வேறொன்று. டெக்சாஸில் இன்னும் கடினம். பள்ளி விளையாட்டில் பங்கேற்பது அரசியல் சட்டம் காக்கும் உரிமை அல்ல என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1985-இல் சொல்லிவிட்டது. இன, மத, பாலினப் பாகுபாடோ, உடற்குறைபாட்டைக் கணக்கில் எடுக்காத அநீதியோ இருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். வழக்குப் போட்டால் விசாவுக்கு ஆபத்தா என்ற பயம் வேண்டாம். சிவில் வழக்குத் தொடர்வதால் மட்டும் எச்1பி பாதிக்கப்படாது.

உங்களுக்கு உண்மையில் உதவப்போகும் தீர்ப்பு ஒன்று உண்டு. ஜான் சல்லிவன் என்ற பையனின் குடும்பம் வெர்மான்ட்டிலிருந்து ஆஸ்டினுக்குக் குடிபெயர்ந்தது. அவன் கூடைப்பந்து ஆடுபவன். அன்றைய யூஐஎல் விதி, பள்ளி மாறியவன் ஒரு வருடம் ஆடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. ஏன் மாறினாய் என்று கேட்கவே இல்லை. 1981-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. மாறுகிற ஒவ்வொருவனையும் ஆள்பிடிப்பில் வந்தவன் என்று அனுமானித்துவிட்டு, 'இல்லை' என்று நிரூபிக்க வாய்ப்பே தராமல் இருப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றது. ஆக உங்கள் வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: ஏன் மாறினீர்கள்? உங்களிடம் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. அதை மாவட்டக் கமிட்டி முன்னால் நீங்கள் வைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்த விசாரணை அறை எனக்குப் பழக்கம். பள்ளி மாவட்ட அலுவலகத்தின் கூட்ட அறை, ப வடிவத்தில் மேசைகள், ஒவ்வொருவர் சட்டையிலும் ஒவ்வொரு பள்ளியின் சின்னம், முன்னால் படிவக் கட்டு. ஒருமுறை நான் போனபோது டை கட்டிய ஒரு பையன், தன் பெயர் வரும்போதெல்லாம் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வெறுங்கையோடு வந்திருந்தார். "நாங்கள் நேர்மையான குடும்பம்" என்று மூன்று முறை சொன்னார். எதிரே இருந்தவர்களிடம் இருந்தது ஒரு தாள்: பழைய பள்ளி பூர்த்தி செய்த படிவம். வாயால் சொன்னது தாளை ஜெயிக்கவில்லை.

அந்தத் தாளில் டிக் மட்டும் இருக்காது. கோச்சோடு பிணக்கு இருந்ததா, பெற்றோருக்கு அதிருப்தி இருந்ததா என்றும் கேட்டிருப்பார்கள். உங்கள் பிப்ரவரி மெயில் அங்கேதான் வந்து நிற்கிறது. அதன் நகலை எடுத்து, மூன்றாம் மனிதர் கண்ணால் ஒருமுறை படியுங்கள். "சரியான இடம் தரும் பள்ளிக்குப் போக எங்களுக்குத் தெரியும்" என்பது போல ஒரு வரி இருந்தால், அதை மறைக்க நினைக்காதீர்கள். அவர்களிடமும் நகல் இருக்கிறது. நீங்களே முதலில் எடுத்து வையுங்கள்: "கோபத்தில் எழுதினேன், எழுதியிருக்கக் கூடாது. ஆனால் வீடு மாறியதற்குக் காரணம் இது." அப்புறம் தேதிகளைப் பேச விடுங்கள். மனைவியின் வேலை ஆஃபர் லெட்டர் என்றைக்கு வந்தது? வங்கி லோன் விண்ணப்பம் என்றைக்கு? பழைய வீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்குக் காலையில் எவ்வளவு நேரம்? ஆஃபர் லெட்டர் பிப்ரவரிக்கு முந்தியது என்றால் உங்கள் பக்கம் மிகப் பலம். பிந்தியது என்றாலும் பயப்பட வேண்டாம். மகளும் பள்ளி மாறியதற்கான சேர்க்கைச் சான்று இருக்கிறதே. டென்னிஸுக்காக யாரும் ஐந்தாவது படிக்கும் பெண்ணைத் தோழிகளிடமிருந்து பிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். தம்பிக்குத் தனியாகப் பயிற்சி தருபவர் யார்? அவருக்குப் புதுப் பள்ளியோடு ஏதாவது தொடர்பு உண்டா? கோச்சைப் பின்தொடர்ந்து பள்ளி மாறுவது கமிட்டிகள் முதலில் சந்தேகப்படும் விஷயம். தொடர்பு இருந்தால் நான் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து பழைய வீடு. கமிட்டி பார்ப்பது நீங்கள் உண்மையிலேயே குடிவந்துவிட்டீர்களா என்பதை. கட்டில், பீரோ, துணிமணி எங்கே இருக்கின்றன, தபால் எங்கே வருகிறது, லைசென்ஸில் எந்த முகவரி என்று கேட்பார்கள். பழைய வீட்டு மின் இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் ஒரு கால் அங்கேயும் இருப்பது போலத் தெரியும். மச்சினர் பெயருக்கு இந்த வாரமே மாற்றுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது இன்றைய தேதியைப் போடுங்கள். "ஜூன் தேதி போட்டு ஒரு லீஸ் ரெடி பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள், கேட்காதீர்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் டெக்சாஸ் கல்விச் சட்டப்படி பள்ளி மாவட்டம் உங்களிடம் கல்விக் கட்டணம் வசூலிக்கலாம், குற்ற வழக்கும் வரலாம். விசாவில் இருப்பவருக்கு அந்தக் குற்ற வழக்கு எத்தனை பெரிய ஆபத்து என்று உங்களுக்கே தெரியும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. வசிப்பிடத்துக்கான அத்தாட்சிப் பட்டியலில் 'இந்த முகவரியில் வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா?' என்ற கேள்வியும் வரும். குடிமக்களான பெற்றோருக்கு அது சாதாரணக் கேள்வி. உங்களுக்கு ஒரே பதில்தான்: "நாங்கள் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல, எங்களுக்கு வாக்கு இல்லை." லைசென்ஸில் முகவரி மாற்றப் போகும்போதும் அங்கே வாக்காளர் பதிவு பற்றிக் கேட்பார்கள். அவசரத்தில் 'ஆம்' என்று டிக் செய்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் கிரீன் கார்டு கனவு அங்கேயே முடியலாம், நாடுகடத்தல் வரை போகலாம். ஒரு டிக்கால் தம்பிக்கு ஒரு வருடம் போயிருக்கிறது. இந்த டிக் குடும்பத்தையே கொண்டுபோய்விடும்.

மேல்முறையீட்டில் தம்பியையும் கூட்டிப்போங்கள், பேசச் சொன்னால் அவனே பேசட்டும். நீங்கள் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பழைய கோச்சை நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டாம். எந்த அடிப்படையில் 'ஆம்' என்று போட்டார் என்பதைப் புதுப் பள்ளியின் அத்லெடிக் டைரக்டர் வழியாக எழுத்தில் கேளுங்கள். மெயிலுக்காக வருத்தம் தெரிவிக்க நினைத்தால் இரண்டு வரியில் தெரிவியுங்கள், பதிலுக்கு எதுவும் கேட்காமல்.

இதற்கு நடுவே அவன் சும்மா உட்கார வேண்டியதில்லை. தடை வார்சிட்டிக்கு மட்டும். பள்ளி அணியோடு பயிற்சி செய்யலாம், வார்சிட்டிக்கு அடுத்த நிலையான ஜேவி அணியில் ஆடலாம். அமெரிக்க டென்னிஸ் சங்கமான யூஎஸ்டிஏவின் ஜூனியர் போட்டிகள் யூஐஎல்லின் கையில் இல்லை. கல்லூரி டென்னிஸ் கோச்சுகள் பெரும்பாலும் பார்ப்பதும் யூடிஆர் என்ற ஆட்டத்தர மதிப்பெண்ணையும் அந்தப் போட்டிகளையும்தான். பரிசுப் பணம் தரும் போட்டியில் மட்டும் யோசிக்காமல் இறங்க வேண்டாம். பணம் வாங்கினால் அமெச்சூர் விதியில் மாட்டுவான். பாடங்களில் 70-க்குக் கீழே போனால், 1984-இல் வந்த 'நோ பாஸ், நோ பிளே' சட்டம் தனியாகத் தடை போடும். பதினொன்றாவதை இன்னொரு முறை படிக்க வைத்தால் ஒரு வருடம் திரும்பக் கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான்கு வருடம்தான் கணக்கு.

மேல்முறையீட்டில் தோற்றால் நான் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். வக்கீல் பணம் கரையும், ஸ்டே கிடைப்பதற்குள் சீசன் முடியும். தடை, புதுப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு காலண்டர் வருடம். இந்த ஆகஸ்டில் சேர்ந்திருக்கிறான். அடுத்த ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பின் டீம் டென்னிஸ் சீசன் தொடங்கும் சமயத்தில், அது தானாக முடிகிறது. சேர்க்கைத் தேதி உள்ள தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அன்றைக்கு யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமில்லாமல் அதைக் காட்டலாம்.