குடும்ப மாலைக்கு எத்தனை நாடு வேணும்?

கேள்வி: அக்கா, எங்க தமிழ்ச் சபையில ஜூன் லீவுல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குடும்ப மாலை வைக்கிறோம். பிள்ளைங்களுக்கு உலக நாடுகளையும் மிஷனெரி ஊழியத்தையும் அறிமுகப்படுத்தணும்னு பாஸ்டர் பொறுப்ப எங்கிட்ட குடுத்துட்டாரு. ஆறு நாடு, ஆறு மேசை, கொடி, டிரெஸ், சாப்பாடு, கடைசியில ஏழைப் பிள்ளைங்க வீடியோ போட்டு காணிக்கைன்னு கமிட்டியில பேசியாச்சு. ஆனா போன வருஷம் இதே மாதிரி செஞ்சப்போ என் ஏழு வயசு பையன் வீட்டுக்கு வந்து "அவங்க எல்லாரும் பாவம்லம்மா, நாமதான எல்லாம் குடுக்கணும்"னு சொன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எப்படி மாத்தலாம்?
- சண்டே ஸ்கூல் டீச்சர், ஈசூன்

பதில்: தங்கச்சி, பையன் மேல தப்பே இல்ல, நாம எத காட்டினோமோ அததான் அவன் சொல்லியிருக்கான். அது உங்களுக்கு உறுத்துச்சு பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஆறு நாடு வேண்டாம், மூணு போதும். முதல் மேசை தரங்கம்பாடியா இருக்கட்டும். 1706-ல ஜெர்மன் மிஷனெரிங்க சீகன்பால்கும் புளுட்சோவும் அங்க கப்பல்ல வந்து இறங்கினப்போ அவங்களுக்கு தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. சீகன்பால்கு நம்ம சின்னப் பிள்ளைங்களோட தரையில உக்காந்து மணல்ல விரல வச்சு எழுதித்தான் கத்துக்கிட்டாரு, 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி வந்துச்சு. ஒரு தட்டுல மணல் போட்டு ஒவ்வொரு பிள்ளையையும் 'அ' எழுத விடுங்க, நம்ம பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு தமிழ் எழுத்தே தடுமாறுதே, அதுக்கும் ஆச்சு. மிஷன்னா நாம குடுக்கிறதுன்னு நினைச்சிட்டிருக்கிற பிள்ளைக்கு, முதல்ல வாங்கினது நாமதான், குடுக்க வந்தவரும் நம்ம பிள்ளைங்ககிட்ட கத்துக்கிட்டாருன்னு அந்த மணல் தட்டுலயே புரிஞ்சிடும்.

அதே மேசையில நம்ம சிங்கப்பூர் கதையும் ஒண்ணு வைங்க. 1887-ல சோஃபியா பிளாக்மோர்னு ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணு இங்க வந்து ஷார்ட் ஸ்ட்ரீட்ல ஒரு கடைவீட்டுல 9 பொம்பளப் பிள்ளைங்களோட பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பேரே தமிழ் பெண்கள் பள்ளிதான், இன்னைக்கு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளின்னு சொல்றோமே அது. அங்க படிக்கிற பிள்ளைங்க உங்க சபையிலயே இருந்தா அவங்களையே இந்தக் கதைய சொல்லச் சொல்லுங்க.

ரெண்டாவது, அர்மேனியா. நாடு தூரம், ஆனா வாசல் பக்கத்துலதான் இருக்கு. ஹில் ஸ்ட்ரீட் தீயணைப்பு நிலையத்த ஒட்டி 1835-ல கட்டின அர்மேனியன் சர்ச், சிங்கப்பூர்லயே பழைய ஆலயம். அந்தத் தோட்டத்துல ஆக்னஸ் ஜோக்கிமோட கல்லறைக்கல் இருக்கு, நம்ம தேசிய மலர் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' அவங்க பேர்லதான் இருக்கு. சுமார் 405-ல மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ்ங்கிறவர் வேதத்த அர்மேனிய மொழியில எழுதறதுக்காகவே 36 எழுத்து உருவாக்கினாரு. ஒரு வாரம் முன்னாடியே பிள்ளைங்கள அங்க கூட்டிட்டுப் போயிட்டு வந்தீங்கன்னா மேசையில கொடியே தேவையில்ல, அந்த எழுத்துல அவங்கவங்க பேர எழுதிப் பாக்க விடுங்க, இடத்த விட்டு நகரமாட்டாங்க.

மூணாவது மேசைக்கு நாட்ட தேடாதீங்க, ஆள தேடுங்க. உங்க சபையார் வீடுகள்ல வேலை பாக்கிற பிலிப்பினோ, பர்மா, இந்தோனேசியாவோட படாக் இன சகோதரிங்க இருப்பாங்க, அவங்கள்ல பலர் ஊர்ல சபைக்குப் போறவங்கதான். ஒருத்தர கூப்பிட்டு அவங்க அம்மா பாடின தாலாட்டையோ ஒரு ஞானப்பாட்டையோ சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க. லீவு நாள் அவங்களோடது, வர இஷ்டமான்னு முதல்ல கேளுங்க, கையில கரண்டிய குடுத்து எம்பது பேருக்கு சமைக்கச் சொல்லிடாதீங்க (இத நான் ஒரு இடத்துல கண்ணால பாத்தேன், இன்னும் மனசு ஆறல). அவங்களுக்கு நாற்காலி போட்டு "ஆன்ட்டி"ன்னு பிள்ளைங்க மரியாதையா கூப்பிடணும், சாப்பாட நாம பரிமாறணும்.

டிரெஸ் போட்டி வேண்டாம். இன்னொருத்தரோட உடுப்ப நாம வேஷமா போட்டா பிள்ளைங்க அத வேஷம்னுதான் நினைக்கும். அந்த வீடியோவையும் கண்டிப்பா விட்டுடுங்க. காணிக்கை எடுங்க, ஆனா பணம் யாருக்குப் போகுது, அவங்க அத வச்சு என்ன செய்றாங்கன்னு பிள்ளைங்களுக்கே சொல்லிட்டு எடுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு, பெரியவளானதும் மிஷனெரியா போவேன்னு சொல்றா. வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. நான் என்ன சொல்லட்டும்?
- வாசகி, செங்காங்

பதில்: சிரிக்க வேண்டாம்னு அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. வெள்ளாளன்விளையில பிறந்த அசரியாவும் கூட இருந்தவங்களும் 1903-ல திருநெல்வேலியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சு, நம்ம ஆளுங்களையே தெலுங்கு பேசுற தோர்ணக்கல் பக்கம் அனுப்பினாங்க, செலவுக்கு நம்ம சபைங்க காணிக்கைதான். அசரியா அங்கயே போய் தெலுங்கு கத்துக்கிட்டு 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப்பும் ஆனாரு. பாப்பாகிட்ட இந்தக் கதைய சொல்லிட்டு, எந்த ஊருக்குப் போகணும்னு இருக்கான்னு கேளுங்க. பேர் சொன்னா அந்த ஊர் பாஷையில 'வணக்கம்' எப்படி சொல்றதுன்னு ரெண்டு பேரும் இன்னைக்கே தேடிப் பாருங்க.