தனுஷ்கோடி நாவல் மூணாவது அத்தியாயத்துல நிக்குதுன்னா

தனுஷ்கோடி புயல் பத்தி எழுதுற நாவல் மூணாவது அத்தியாயத்தோட நின்னுடுச்சு, என்ன செய்யன்னு கேட்டிருந்தீங்க. அந்த அத்தியாயத்தை அப்படியே விட்டுட்டு, எழுத ஆசையா இருக்கிற காட்சிக்கு நேரா போயிடுங்க. வரிசையா எழுதணும்னு கட்டாயமில்ல.

தினம் ஆயிரம் சொல்னு வச்சதும் கூலி வேலை மாதிரி ஆயிடுச்சுன்னு சொல்றீங்க. எனக்கென்னவோ கணக்கைவிட தகவல் சுமைதான் காரணம்னு தோணுது. 1964 டிசம்பர் 22 ராத்திரி, ஊரை அழிச்ச புயல், கடல் அடிச்சுட்டுப் போன ரயில்னு எல்லாத்தையும் முதல் பக்கத்துலயே தலைல தூக்கி வச்சிருக்கீங்க.

ஒரு வாரம் சாயங்காலம் பாம்பன் கரையில கால் மணி நேரம் உக்காருங்க. கடல்பாசி எடுத்துட்டு வர்ற அக்கா விரல்ல சுத்தின துணியை அவிழ்க்கிறதை மட்டும் எழுதுங்க. நாவலுக்கு ஆகுமான்னு பாக்காதீங்க. (என் நோட்டுல பாதி கருவாட்டுக் குறிப்புதான்.)

அதுலயும் கை ஓடலைன்னா அசதிதான். பத்து நாள் நோட்டைத் தொடாதீங்க. இன்னொண்ணு, புயல்ல சொந்தங்களை இழந்த பெரியவங்ககிட்ட கேக்கப் போனா, அவங்க நிறுத்துற இடத்துல நீங்களும் நிறுத்திக்கங்க.