சின்ன ரிவால்வரா, சின்ன பிஸ்டலா?

கேள்வி: அக்கா, நான் டல்லாஸில் வீடு விற்றுத் தரும் ஏஜென்ட். ஆளில்லாத வீடுகளை முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்து காட்டுகிற வேலை. பாதுகாப்புக்குக் கூடவே வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போனேன். "பெண்களுக்குச் சின்ன ரிவால்வர்தான் எளிது" என்கிறார் கடைக்காரர். 9 எம்.எம். பிஸ்டல் வாங்கச் சொல்கிறார் கணவர். எதை வாங்குவது?

பதில்: நான் உங்கள் கணவர் கட்சி, தங்கச்சி. பதினான்கு வருடத்துக்கு முன் ஹூஸ்டனில் ஒரு கடையில் இதையே சொல்லித்தான் என் கையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வரைக் கொடுத்தார்கள். .38 ஸ்பெஷல் ரகக் குண்டு, ஐந்து போடலாம். குண்டை வெடிக்கத் தட்டும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. எடை அரைக் கிலோகூட இல்லை. பார்த்ததும் பிடித்துவிட்டது.

சுடும் பயிற்சிக்கூடமான ரேஞ்சில் சுட்டபோதுதான் விஷயம் புரிந்தது. துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு உதைக்கும். பத்து குண்டு சுடுவதற்குள் கட்டைவிரல் இடுக்கில் தோல் சிவந்து எரிந்தது. அந்த ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு விரல் பலம் வேண்டும். இழுக்கிற இழுப்பில் குழல் முனை ஆடிவிடும். ஏழு கஜத்தில் தொங்கிய காகிதத்தில் என் குண்டுகள் மூலைக்கு ஒன்றாகப் பட்டிருந்தன. வலிக்குப் பயந்து பயிற்சிக்குப் போவதையே விட்டேன். ஒரு வருடம் பெட்டிக்குள் கிடந்தது. அந்தக் கடைக்காரர் மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. தூக்க எளிது என்பதைச் சுட எளிது என்று சொல்லி விற்றுவிட்டார்.

2018-ல் சிக் சாவர் பி365 என்ற சின்ன 9 எம்.எம். பிஸ்டல் வந்தது. அதற்கு முன் இந்த அளவு 9 எம்.எம். பிஸ்டலில் ஆறேழு குண்டுதான். 2015-ல் வந்த கிளாக் 43 பிஸ்டலின் மேகசினில், அதாவது குண்டு அடுக்கும் பெட்டியில், ஆறு. பி365-ன் மேகசினில் பத்து. தட்டையாக இருப்பதால், ரிவால்வரில் குண்டு போடும் உருளையான சிலிண்டர் போல இடுப்பில் புடைக்காது. உதையில் ஒரு பங்கை, சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகமான ஸ்லைடும் ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்ளும். ட்ரிகரும் பாதி பலத்துக்கு அசையும். இப்போது என்னிடம் இருப்பது இதுதான்.

ஸ்லைடை இழுக்க வரவில்லையா? விரல் நுனியால் கிள்ளி இழுக்காதீர்கள். முனை இலக்கைப் பார்த்தபடி துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, ஸ்லைடை மேலிருந்து முழுக் கையால் கெட்டியாகப் பிடித்து, பிடி இருக்கிற கையை முன்னால் தள்ளுங்கள். அப்படியும் முடியாத, மூட்டுவலி வந்த கைக்கு ரிவால்வர்தான். அதன் பெரிய நன்மை, ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து அந்தக் குண்டை வெளியேற்ற வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சுட்ட குண்டின் காலிக் கூடு சிக்கவும் செய்யும். அதற்காக ரிவால்வர் மக்கர் பண்ணவே பண்ணாது என்று நம்பிவிடாதீர்கள். காலிக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒட்டி, ஒரு முறை என் சிலிண்டர் மூடவே மறுத்தது. பழைய பல்துலக்கியால் துடைத்த பிறகே நகர்ந்தது.

வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போய் இரண்டிலும் ஐம்பது ஐம்பது குண்டு சுட்டுப் பாருங்கள். ஐம்பதாவது குண்டிலும் கண் மூடாமல் எதைச் சுடுகிறீர்களோ அதை வாங்குங்கள். எதுவானாலும் ட்ரிகரை முழுக்க மூடும் உறை கட்டாயம். கைப்பையில் போடவே வேண்டாம். பையைப் பறித்தால் துப்பாக்கியும் அவன் கையில். வீட்டில் குழந்தை இருந்தால் இடுப்பிலிருந்து கழற்றியதும் பூட்டுப் பெட்டிக்குள் போகட்டும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் ஆஸ்டினில் இருக்கிறேன். டெக்சாஸில் லைசென்ஸ் தேவையில்லையாமே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை இல்லாதவர் டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம் என்பது உண்மை. ஆனால் மத்திய அரசுச் சட்டப்படி உங்கள் விசாக்காரர்களுக்குத் தடை உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பருடையதை வாங்கி வைத்திருப்பதும் அதில் அடக்கம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்தபின் எழுதுங்கள், எதை வாங்கலாம் என்று பேசுவோம்.