ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: வயது 34. இரண்டு வருடமாகக் காலையில் சாப்பிட்டவுடன் வயிற்றைப் பிசைகிறது. ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று தடவை போக வேண்டியிருக்கிறது. போனால் வலி குறைகிறது. சாயங்காலம் வயிறு ஊதிவிடுகிறது. ஸ்கேன், கொலோனோஸ்கோபி நார்மல், ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், குடல் இயக்கக் கோளாறு) என்றார்கள். மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வருகிறது. பயத்தில் இட்லியும் தயிர்சாதமும்தான் சாப்பிடுகிறேன். எதை விலக்க வேண்டும்? இது புற்றுநோயாக மாறுமா?

பதில்: மாறாது. ஐபிஎஸ் குடலைப் புண்ணாக்குவதில்லை, புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை. ஸ்கேனும் கொலோனோஸ்கோபியும் குடல் எப்படி இருக்கிறது என்று காட்டும். அது எப்படி அசைகிறது, எதை வலியாக உணர்கிறது என்று காட்டாது. கோளாறு அங்கேதான். மற்றவர்கள் தங்கள் வயிற்றில் உணரக்கூட மாட்டாத அளவு வாயு உங்கள் குடல் நரம்புகளுக்கு வலியாகப் போய்ச் சேர்கிறது. டென்ஷன் அதைக் கிளப்பும் என்பது உண்மை. அதற்காக வலி கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐபிஎஸ் என்று முடிவு செய்ய டாக்டர்கள் பார்ப்பது இது: ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கி, கடந்த மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி. மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, போகும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு: 2016-இல் வந்த ரோம் அளவுகோல் இதுதான். நீங்கள் எழுதியது பொருந்துகிறது. ஆனால் மலத்தில் ரத்தம், எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்ப டாக்டரிடம் போங்கள். நம் ஊரில் குடல் காசநோயையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. கோதுமை ஒவ்வாமல் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கு டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. எடுக்கவில்லை என்றால், சில வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு எடுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தும் நெகட்டிவ் என்று வரலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். எல்லாவற்றையும் நிறுத்தியதில் எது குற்றவாளி என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. போதாததற்கு, நீங்கள் பத்தியமென்று நம்பும் தயிரிலும் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இட்லி பெரும்பாலும் வம்பு செய்யாது; அதோடு வரும் சின்ன வெங்காயச் சாம்பாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகிறது. அரிசியை விட்டு ராத்திரி சப்பாத்திக்கு மாறியவர்களுக்கு வயிறு கூடுதலாக ஊதுவது இதனால்தான்.

நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம், இவற்றை மட்டும் விலக்குங்கள்: வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, பால், பருப்பு, சுண்டல் வகை, காலிஃபிளவர், மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, சுகர்ஃப்ரீ மிட்டாய். அரிசி, முட்டை, மீன், கோழி, கேரட், கத்தரிக்காய், வெள்ளரி, தக்காளி, நன்றாகக் கனியாத வாழைப்பழம் சாப்பிடலாம். பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்றால், எண்ணெயில் பூண்டை வதக்கி, வேறு எதுவும் சேர்க்கும் முன் அதை எடுத்து எறிந்துவிடுங்கள். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். அதனால் ரசத்தில் கொதித்த பூண்டைப் பொறுக்கி எடுப்பதில் பயனில்லை.

அதன் பிறகு திரும்பச் சேர்ப்பதுதான் முக்கியமான வேலை. பலர் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே பொருள். பால் என்றால் முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர். சப்பாத்தி என்றால் அரை, ஒன்று, இரண்டு. பூண்டு அரைப் பல்லில் தொடங்கலாம். வலி வந்தால் அந்த அளவைக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த பொருள். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டுதான் ஒத்துக்கொள்ளாது, அதுவும் ஓரளவுக்கு மேல் போனால்தான். ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் பத்தியத்தைக் கைவிடுங்கள். ஃபிரக்டான் நல்ல பாக்டீரியாவுக்கும் உணவு. காலம் முழுக்க விலக்குவது நஷ்டம்.

காலைத் தொல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரைப்பை நிரம்பினால் பெருங்குடல் அசையும். காலையில் இது இன்னும் பலமாக இருக்கும். ஸ்ட்ராங் காபி அதைத் தூண்டும். முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டு, காபியை ஆபீசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நார்ச்சத்துக்கு இசப்கோல் நல்லது: ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர். வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். கோதுமைத் தவிடு வேண்டாம், ஊதலை அதிகமாக்கும்.

மாத்திரைகளில், மெபெவெரின் போன்றவை குடல் பிடிப்புக்கு. லோபரமைடு பேதியை நிறுத்தும், வலிக்கு உதவாது. மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது ஐபிஎஸ்ஸுக்கு வைத்தியமே அல்ல. இவற்றுக்கு அடங்காவிட்டால் டாக்டர் ராத்திரிக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதலாம். மனச்சோர்வு மாத்திரை என்று மிரள வேண்டாம். இந்தச் சிறிய அளவு குடல் நரம்பின் கூச்சத்தைக் குறைக்கவும், குடலை நிதானப்படுத்தவும்தான். வாய் உலரலாம், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கலாம். பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்பதால், நான்கு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.